க்ளோவர் ஆடம்ஸ்: மரணம் ஒன்று, மறைப்பு வேறு

1885 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் சதுக்கத்தை ஒட்டி, ஹெச் தெருவில் 1607-ஆம் எண் வீடு. பல்வலி பொறுக்காமல் பல் மருத்துவரிடம் கிளம்பிய வரலாற்றாசிரியர் ஹென்றி ஆடம்ஸுக்கு, அவர் மனைவியைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி வாசலில் எதிர்ப்பட்டார். பார்க்கிற நிலையில் இருக்கிறாரா என்று கேட்டு வருவதற்காக ஹென்றி திரும்ப மாடியேறினார். கணப்புக்கு முன்னால் மனைவி விழுந்து கிடந்தார். புகைப்பட வேலைக்காக வீட்டில் வைத்திருந்த பொட்டாசியம் சயனைடை உட்கொண்டிருந்தார். வயது 42.

மேரியன் ஹூப்பர் ஆடம்ஸ் என்பது முழுப் பெயர். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் க்ளோவர். இதயம் நின்று இறந்தார் என்றுதான் பத்திரிகைகளில் முதலில் செய்தி வந்தது. ஓரிரு நாளில் உண்மை கசிந்தது. அதற்குள் அடக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

இந்த மரணத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கணவர் மேல் பழி போடுகிறவர்கள் ஒரு கட்சி, குடும்பத்தில் ஓடிய மனநோய் என்கிறவர்கள் இன்னொரு கட்சி. என் கணக்கில் இங்கே இரண்டு விவகாரங்கள் இருக்கின்றன. க்ளோவர் ஏன் இறந்தார் என்பது ஒன்று. அவரும் அவர் எடுத்த படங்களும் அத்தனை காலம் ஏன் வெளியே தெரியாமல் போனார்கள் என்பது இன்னொன்று. முதல் விவகாரத்தில் ஹென்றியைக் கூண்டில் ஏற்றச் சாட்சியம் போதாது. இரண்டாவதில் அவர் தப்பிக்க வழியில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போது, நடுவில் இருந்த புகைப்படக்காரர்தான் காணாமல் போகிறார்.

பிறந்த வீடு

1843 செப்டம்பர் 13, பாஸ்டனில் பிறப்பு. அம்மா எல்லன் ஸ்டர்ஜிஸ் ஹூப்பர் கவிஞர். தத்துவ எழுத்தாளர் எமர்சன் வட்டாரத்துப் பத்திரிகையான 'தி டயல்' அவர் கவிதைகளை வெளியிட்டது. காசநோயில் 1848-ல் இறந்தார், அப்போது க்ளோவருக்கு ஐந்து வயது. அப்பா ராபர்ட் வில்லியம் ஹூப்பர் கண் மருத்துவர், குடும்பச் சொத்து உள்ளவர். மறுமணம் செய்யாமல் எல்லன், நெட், க்ளோவர் என்ற மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். கடைக்குட்டிக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒட்டுதல் மிக அதிகம். இந்த ஒட்டுதலை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

இன்னொரு விஷயம். அம்மாவின் தங்கை சூசன் 1853-ல் தற்கொலை செய்துகொண்டார். க்ளோவருக்கு அப்போது ஒன்பது, பத்து வயது.

பாஸ்டன் பெண்களுக்கு அன்று கிடைக்கக்கூடிய நல்ல படிப்பு அவருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் எலிசபெத் அகாசி நடத்திய பள்ளியில் படித்தார். உள்நாட்டுப் போர் நடந்தபோது ராணுவ வீரர்களுக்கான நிவாரண வேலைகளில் தொண்டராக இருந்தார். கிரேக்கம் படித்தார், குதிரை ஓட்டினார், யாரையும் கிண்டலடிக்கத் தயங்கமாட்டார். அவரை இளம்வயதிலிருந்தே தெரிந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் வைத்த பெயர், 'பாவாடை கட்டிய வால்டேர்'. ஜேம்ஸ் எழுதிய 'பண்டோரா' கதையில் வரும் திருமதி பானிகாசில் க்ளோவரின் சாயல்தான்.

கல்யாணமும் நைல் நதியும்

1872 ஜூன் 27 அன்று பெவர்லி ஃபார்ம்ஸ் என்ற கடலோர ஊரில், அப்பாவின் கோடை வீட்டில் திருமணம். மாப்பிள்ளை ஹென்றி ஆடம்ஸுக்கு 34 வயது, பெண்ணுக்கு 28. கொள்ளுத்தாத்தா அமெரிக்காவின் இரண்டாம் அதிபர், தாத்தா ஆறாம் அதிபர் என்றால் மாப்பிள்ளை வீட்டின் கனம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஹென்றி அப்போது ஹார்வர்டில் வரலாறு கற்பித்துக்கொண்டு, 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

தேனிலவுக்கு ஐரோப்பா, அங்கிருந்து எகிப்து. நைல் நதியில் படகு வீட்டில் போகும்போது க்ளோவர் சோர்ந்துபோனார். மற்றவர்கள் கோயில்களைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள், எனக்கு மட்டும் எதுவும் உள்ளே இறங்கவில்லை, கண்ணும் காதும் வாயும் அடைத்துப்போனதுபோல் இருக்கிறது என்ற பொருளில் அப்பாவுக்கு எழுதினார். கடிதம் எழுதுவதும் சில நாள் நின்றுபோனது. பிறகு மெல்லத் தேறிவிட்டார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இந்த இடத்தில் நிற்காமல் போவதில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து வரப்போவதன் முன்னோட்டமாக இதைப் படிக்கிறார்கள். படிக்கலாம். ஆனால் இடைப்பட்ட பன்னிரண்டு வருடம் நோயாளியின் வாழ்க்கையாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1877-ல் இருவரும் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹென்றி ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஜெஃபர்சன், மாடிசன் கால வரலாற்றை எழுதத் தொடங்கினார். மாலை தேநீர் நேரத்துக்கு க்ளோவரின் வரவேற்பறையில் இடம் கிடைப்பது ஊரில் பெரிய கௌரவமானது. பிடிக்காத செனட்டர்களை உள்ளே விடமாட்டார். எழுத்தாளரும் ராஜதந்திரியுமான ஜான் ஹே, அவர் மனைவி கிளாரா, புவியியலாளர் கிளாரன்ஸ் கிங், இந்தத் தம்பதி என ஐந்து பேருக்குத் தனிக் கூட்டு, 'இதய ஐவர்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். குழந்தை இல்லை. நாய்கள் இருந்தன.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்கு நீண்ட கடிதம் எழுதுவார். யார் வந்தார்கள், யார் உளறினார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என எல்லாம் அதில் இருக்கும். 1880-ல் 'டெமாக்ரசி' என்ற நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளியாகி, வாஷிங்டன் அரசியல்வாதிகளின் தோலை உரித்தபோது, எழுதியது க்ளோவர்தான் என்று பலர் சந்தேகித்தார்கள். நாக்கு அப்படி. எழுதியவர் ஹென்றி.

கேமரா

1883 மே மாதம் க்ளோவர் முழுமூச்சாகப் புகைப்படத்தில் இறங்கினார். அப்போது வயது 39.

அந்தக் காலக்கட்டம் முக்கியம். அதற்குச் சில வருடங்கள் முன்புவரை, படம் எடுப்பவர் கண்ணாடித் தகட்டில் தானே ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். பூசித் தயாராக வைத்த உலர் தகடுகள் கடைக்கு வந்த பிறகுதான் தொழில்முறையல்லாதவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அப்படியும் சுலபமில்லை. மரக் கேமராவையும் முக்காலியையும் தகடுகளையும் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏற வேண்டும், வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து விநாடிகளை முடிவுசெய்ய வேண்டும், இரவு இருட்டறையில் அமிலமும் உப்புமாக நிற்க வேண்டும்.

க்ளோவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். யாரை எடுத்தது, என்றைக்கு, எத்தனை விநாடி, தகடு எப்படி வந்தது என்று வரிசையாக எழுதினார். எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடிவுசெய்தவருடைய கணக்குப் புத்தகம் அது. பணக்கார வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட நினைப்பவர்கள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

113 படங்கள் இன்று பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஆல்பங்களில் எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அவரே பார்த்து ஒட்டியவை. குயின்சி வீட்டுத் தாழ்வாரத்தில் மாமனார் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸும் மாமியாரும் இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஃபிரான்சிஸ் பார்க்மன், கட்டடக் கலைஞர் ஹெச். ஹெச். ரிச்சர்ட்சன், ஓவியர் ஜான் லஃபார்ஜ் எல்லோரும் உண்டு. ஜான் ஹேயை எடுத்தபோது அவர் கையில் 'டெமாக்ரசி' நாவலின் பிரெஞ்சுப் பதிப்பைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். ரகசியம் தெரிந்த நாலு பேர் மட்டும் சிரிப்பதற்கான நகைச்சுவை. மூன்று நாய்களை நாற்காலிகளில் உட்கார்த்தி, மேஜையில் தேநீர்க் கோப்பைகள் வைத்து எடுத்த படமும் இருக்கிறது. தன் வரவேற்பறையையே கேலி செய்துகொண்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என்னை நிறுத்தியது வேறு படம். ஸ்மித்ஸ் பாயின்ட் என்ற கடலோரப் பாறைகளில் மூன்று பெண்கள். மூவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஆனால் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கவில்லை. ஒரே பாறை, ஒரே வெளிச்சம், ஆளுக்கொரு தனிமை. குடும்பப் படம் எடுப்பவர் 'எல்லாரும் இங்கே பாருங்க' என்பார். க்ளோவர் அதைச் சொல்லவில்லை. ஆட்களை இடைவெளி விட்டு வைத்து, அந்த இடைவெளியையே படமாக்கத் தெரிந்திருக்கிறது. வெள்ளை, கறுப்பு இரண்டுக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை மென்மையாகக் காட்டும் பிளாட்டினம் பிரிண்டில் அவர் அக்கறை காட்டியதற்கும் காரணம் இருந்திருக்கிறது.

அவர் முகம்தான் அகப்படாது. மற்றவர்கள் எடுத்த படங்களிலும் அப்படித்தான். நன்கு அறியப்பட்ட படம் 1869-ல் குதிரை மேல் இருப்பது, அதில் தொப்பி நிழலுக்குள் முகம் சின்னதாகத் தெரியும்.

கில்டரின் கடிதம்

ஹெச் தெருவிலேயே வசித்த ஜார்ஜ் பேங்க்ராஃப்ட், அமெரிக்க வரலாற்றெழுத்தின் பீஷ்மர். எண்பது தாண்டிய வெண்தாடிக் கிழவரை க்ளோவர் எடுத்த படம் அருமையாக அமைந்துவிட்டது. நண்பர் ஹே சும்மா இருக்கவில்லை, 'தி செஞ்சுரி' இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் வாட்சன் கில்டரின் காதில் போட்டார். 1884 தொடக்கத்தில் கில்டர் கேட்டார்: படத்தை வெளியிடுகிறோம், கூடவே ஹென்றி ஒரு கட்டுரை தருவாரா?

'செஞ்சுரி' அன்று நாட்டின் முதல்தர இதழ்களில் ஒன்று. அங்கே படம் வந்திருந்தால் க்ளோவர் ஆடம்ஸ் என்ற பெயர் புகைப்படக்காரராகப் பதிவாகியிருக்கும்.

ஹென்றி மறுத்துவிட்டார். எங்கள் அடக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே என்ற தொனியில் ஹேக்கு ஒரு வரி எழுதி முடித்துவிட்டார். அந்த வரியில் 'எங்கள்' என்று இருவரையும் சேர்த்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுதும்போது க்ளோவரும் சண்டை பிடிக்கவில்லை, கணவரின் பக்கமே நின்று எழுதினார்.

ஹென்றிக்காக ஒரு வாதம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அவர் தன் நாவல்களுக்கே பெயர் போடாதவர். விளம்பரம் என்றால் குமட்டுகிற குடும்பம். ஆனால் அதே ஹென்றி 1879-ல் ஆல்பர்ட் காலட்டின் வரலாற்றையும் 1882-ல் ஜான் ராண்டால்ஃப் வரலாற்றையும் சொந்தப் பெயரில்தான் வெளியிட்டார். ஆணின் உழைப்புக்குப் பெயர் உண்டு, விளையாட்டுக்குப் பெயர் இல்லை என்பது அவருடைய விதி. மனைவியின் படங்களை எந்தப் பக்கத்தில் வைத்தார் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

எஸ்தர்

அதே 1884, மார்ச் மாதம். 'எஸ்தர்' என்றொரு நாவல் வெளிவந்தது. ஆசிரியர் ஃபிரான்சிஸ் ஸ்னோ காம்ப்டன், அதாவது ஹென்றி, பெண் பெயரில். விளம்பரமே கூடாது என்று பதிப்பாளரிடம் நிபந்தனை போட்டார். விற்கவில்லை.

நாயகி எஸ்தர் டட்லி அம்மா இல்லாதவள், அப்பா செல்லம், ஓவியம் வரைபவள். தேவாலயச் சுவரில் புனித செசிலியாவை வரைய அவளுக்கு வாய்ப்பு வருகிறது. பாதிரியார் ஒருவர் அவளைக் காதலிக்கிறார். அப்பா நோயில் விழுந்து சாகிறார். அவளுக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது, நயாகரா அருவி அருகே காதலை முறித்துக்கொள்கிறாள். நாவலில் தலைமை ஓவியராக வரும் வார்டன் அவளை எடைபோடுகிறார்: இரண்டாந்தர அமெச்சூர், அதற்கு மேல் ஒருநாளும் போகமாட்டாள், ஆனாலும் அவள் செய்த ஒன்றிரண்டை நானே செய்திருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

பாத்திரம் பேசுவதெல்லாம் ஆசிரியரின் கருத்து ஆகாது என்பது உண்மை. ஆனால் அந்த இரட்டை நாக்கு, இறக்கிவிட்டுப் பொறாமைப்படுவது, கில்டருக்குச் சொன்ன மறுப்போடு அச்சாகப் பொருந்துகிறது. இது வெளியாகிச் சரியாக ஒரு வருடத்தில், நாவலில் நடந்தது வீட்டிலும் நடக்கத் தொடங்கியது.

1885

மார்ச்சில் அப்பா படுத்தார். க்ளோவர் கேம்பிரிட்ஜுக்குப் போய் அக்கா, அண்ணனோடு சேர்ந்து பணிவிடை செய்தார். ஹென்றி வாஷிங்டனுக்கும் அங்குமாக அலைந்தார். ஏப்ரல் 13 அன்று டாக்டர் ஹூப்பர் இறந்தார்.

இறந்த உடனே க்ளோவர் இடிந்துவிடவில்லை. கோடையில் மலைப்பக்கத்து நீரூற்று விடுதிக்குப் போனார்கள், பிறகு பெவர்லி ஃபார்ம்ஸ். அங்கேதான் சரிவு வெளிப்படையாகத் தெரிந்தது. தூக்கம் போனது, பேச்சு குறைந்தது. செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். அக்கா எல்லன் கர்னி பின்னர் ஒரு கடிதத்தில் பதிவு செய்த வார்த்தைகள் இவை: "எல்லன், நான் நிஜமில்லை. ஐயோ, என்னை நிஜமாக்குங்கள். நீங்கள் எல்லோரும் நிஜம்."

இலையுதிர் காலத்தில் வாஷிங்டன் திரும்பினார்கள். தேநீர் விருந்துகள் நின்றன. பக்கத்திலேயே ரிச்சர்ட்சன் வடிவமைத்த புதிய வீடு எழும்பிக்கொண்டிருந்தது, ஹே குடும்பத்துக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று என ஒட்டிக் கட்டியவை. கடைசி வாரத்தில்கூட, உடம்பு சரியில்லாமல் இருந்த தோழி எலிசபெத் கேமரனுக்கு ரோஜாக்கள் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தார்.

அப்புறம் அந்த ஞாயிறு. அப்பாவுக்குக் கடிதம் எழுதும் கிழமை.

முடிக்காத ஒரு கடிதம் கிடைத்தது, அக்காவுக்கு எழுதியது. என்னிடம் ஒரே ஒரு நற்குணமாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உயிர்த்தெழுவேன், ஹென்றியின் பொறுமையும் அன்பும் சொல்லில் அடங்காது என்கிறது அது.

யார் மேல் பழி?

கில்டருக்குச் சொன்ன மறுப்பால் மனமுடைந்து இறந்தார் என்ற வாதம் கவர்ச்சியானது. காலக் கணக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. மறுப்புக்கும் மரணத்துக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம், அதிலும் அவர் படமெடுப்பதை உடனே விட்டுவிடவில்லை. எலிசபெத் கேமரன் மேல் ஹென்றிக்கு இருந்த ஈர்ப்பு காரணம் என்பார்கள். ஹென்றி அவருக்கு உருகி உருகி எழுதிய கடிதங்கள் பின்னாளையவை. க்ளோவர் உயிரோடு இருந்தபோது அது நட்பைத் தாண்டியது என்று காட்டும் ஆதாரத்தை நான் பார்க்கவில்லை.

மறுபக்கத்தில் இருப்பவை கனமானவை. ஐந்து வயதில் தாய் போனது. தாய்வழிச் சித்தியின் தற்கொலை. நைல் பயணத்தில் ஒருமுறை வந்துபோன இருள். தாயாகவும் இருந்த தகப்பனின் சாவு. தான் நிஜமில்லை என்ற உணர்வு, காரணமில்லாத குற்ற உணர்ச்சி, தூக்கமின்மை. இன்று எந்த மனநல மருத்துவரும் இதைக் கடும் மனச்சோர்வு என்று அடையாளம் கண்டு, ஆளைத் தனியே விடாமல் சிகிச்சை தொடங்குவார். அன்று இருந்த மருந்து ஓய்வும் இடமாற்றமும்தான். அக்கா எல்லன் 1887-ல் ரயிலில் அடிபட்டு உயிரை விட்டார். அண்ணன் நெட் 1901-ல் மனம் கலங்கிய நிலையில் இறந்தார். அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளுக்கும் ஹென்றி காரணமாக இருக்க முடியாது.

எனவே முதல் விவகாரத்தில் என் முடிவு: நோய், அதைத் தூண்டிவிட்ட துக்கம். புகைப்படக்கலைக்கு இதில் உள்ள பங்கு, அந்தப் புட்டி வீட்டில் இருந்தது என்பது மட்டும்.

அழிப்பு

இரண்டாவது விவகாரம் அடக்கம் முடிந்த பிறகு தொடங்குகிறது. மாதம் முடிவதற்குள் ஹென்றி புது வீட்டில் தனியாகக் குடியேறினார். பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்தார். மனைவி பெயரை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

1907-ல் நண்பர்களுக்காக 100 பிரதிகள் மட்டும் அச்சிட்ட 'தி எஜுகேஷன் ஆஃப் ஹென்றி ஆடம்ஸ்' அவர் தன் வாழ்க்கையையே எழுதிய நூல். அவர் இறந்த பிறகு 1918-ல் பொதுவில் வந்து, 1919-ல் புலிட்சர் பரிசும் பெற்றது. அதில் ஓர் அத்தியாயம் 1871-ல் முடிகிறது. அடுத்தது 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு', 1892. கல்யாணம், எகிப்து, ஹெச் தெரு, மரணம் எல்லாம் அந்த இடைவெளியில் விழுந்து மறைந்துவிட்டன. க்ளோவரைப் புதைத்த வாஷிங்டன் ராக் க்ரீக் கல்லறையில் இருக்கும் வெண்கலச் சிலையைப் பற்றி மட்டும் எழுதுகிறார். வருகிறவர்கள் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதைக் கிண்டலும் செய்கிறார். அது யாருடைய கல்லறை என்று சொல்வதில்லை. நாவலுக்குப் பெயர் போடாத அதே கை என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இங்கே அழித்தது தன் பெயரை அல்ல.

அந்தச் சிலையை அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் செய்தார், சுற்றியுள்ள கல் வேலை ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். தலைவரை போர்த்திய, ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத ஓர் உட்கார்ந்த உருவம். பெயர், தேதி, வாசகம் எதுவும் கிடையாது. 1891-ல் அது முடிந்தபோது ஹென்றி லஃபார்ஜுடன் தென்கடல் தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் இலங்கைக்கும் வந்தார். அநுராதபுரத்துப் போதி மரத்தடியில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்து, நிர்வாணம் கிடைக்கவில்லை என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு கப்பலேறினார். அதே வருடம் எலிசபெத் கேமரனுக்கு எழுதிய கடிதத்தில், தான் எழுதிய ஒன்பது தொகுதி வரலாற்றையும்விட 'எஸ்தர்' நாவலின் ஓர் அத்தியாயம் தனக்குப் பெரிது, யாரும் படித்துத் தீட்டுப்படுத்திவிடக்கூடாது என்றார். அன்பு இல்லாமல் இல்லை. பூட்டி வைக்கிற அன்பு.

பூட்டு முழுசாகப் பிடிக்கவில்லை. சிலையைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து, ஃபீலிக்ஸ் ஆக்னஸ் என்ற பத்திரிகை அதிபருக்கு விற்றார்கள். பால்டிமோர் அருகே அவர் குடும்பக் கல்லறையில் 'பிளாக் ஆகி' என்ற பேய்க் கதையாக அது பல காலம் வாழ்ந்தது. இப்போது அந்த நகல் லஃபாயெட் சதுக்கத்தில், டாலி மாடிசன் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. ஆடம்ஸ் வீடு இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரம். அந்த வீட்டை 1927-ல் இடித்துவிட்டு ஓட்டல் கட்டினார்கள். ஓட்டலின் பெயர் ஹே-ஆடம்ஸ்.

அப்பாவுக்கு எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் பிறந்த வீட்டுச் சொத்தாக இருந்ததால் தப்பின. 1936-ல் புத்தகமாயின. ஆல்பங்களை ஹென்றி எரிக்கவில்லை. படங்களைக் கலையாக எடுத்துக்கொண்டு விரிவாக எழுத ஆரம்பித்தது அண்மைக் காலத்தில்தான். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் அவற்றை இலவசமாகவே பார்க்கலாம். பலரும் நாய்களின் தேநீர் விருந்தில் தொடங்குகிறார்கள், அதில் தப்பில்லை. பேங்க்ராஃப்ட் கிழவரையும் பாறை மேல் இருக்கும் மூன்று பெண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டாந்தர அமெச்சூர் என்று எழுதிய கைக்குப் படம் பார்க்கத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி வரும்.